கல்லூரி ஆய்வாளர்களின் சங்கத்துக்கு யார் தலைவர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை, அந்த இரண்டாண்டுக் கல்லூரிகளில் சேருபவர்களில் பெரும்பாலோர் பட்டம் பெறாமலே வெளியேறுகிறார்கள் என்று கூறியிருந்தது. நிலைமை சற்றுத் தேறியிருப்பதற்கான பெருமையை மாநில ஆளுநர்களுக்கும் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கும் அது பகிர்ந்தளித்திருந்தது. கலிஃபோர்னியாவில் அத்தகைய கல்லூரி ஒன்றின் ஆய்வு அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போன ஒரு தரப்பைப் பற்றி எழுத விரும்புகிறேன். கல்லூரிக்குள் அமர்ந்து மாணவர் கணக்கைப் பார்ப்பவர்கள் தமக்கென ஏற்படுத்திக்கொண்ட தொழில்முறைச் சங்கமும் அதன் தலைவர்களுமே அந்தத் தரப்பு. அத்தகைய சங்கத்துக்கு வெளியிலிருந்து வரும் பெரிய பெயர்களைவிட, அதே வேலையைச் செய்து பழகியவர்களே தலைமை ஏற்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் அனுபவம் நல்ல சான்று.

முதலில் பட்டம் பெறுவோரின் அந்த விகிதத்தைப் பற்றி. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் நீட்சியாகத் தொடங்கிய இந்தக் கல்லூரி முறை, அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947-இல் தந்த அறிக்கைக்குப் பிறகு நாடெங்கும் பரவியது. வருகிறவர் யாரானாலும் சேர்த்துக்கொள்வதே அதன் அடிப்படை. பகலில் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒரே ஒரு பாடம் படிப்பவரும், நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்காக வருபவரும், நாற்பது வயதில் கணக்கியல் கற்க வருபவரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். ஆனால் 1990-ஆம் ஆண்டின் மாணவர் அறியும் உரிமைச் சட்டத்தையொட்டி வந்த மத்திய அரசின் கணக்கீடு, முதன்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து முழு நேரமாகப் படிப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாண்டுப் படிப்பை மூன்று ஆண்டுகளுக்குள் முடித்தார்களா என்று பார்த்தது. சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பான்மையோர் பகுதி நேரமாகப் படிப்பவர்கள். அவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. இரண்டாண்டுப் பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்றவர், அவர் வரையில் வெற்றி பெற்றவராயினும், பட்டம் பெற்றவர் வரிசையில் இடம்பெறவில்லை. 2008-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்படி அமைந்த ஒரு குழு 2011 டிசம்பரில் இந்தக் குறையை அரசிடம் எடுத்துரைத்தது. அதன் தலைவர் தாமஸ் பெய்லி, 1996-இல் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையத்தைத் தொடங்கியவர். தங்கள் கட்டுரை அவரைப் பாராட்டியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவருடைய மையம் கல்லூரிகளுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே இருப்பவரின் நிலை வேறு.

உள்ளே இருக்கும் ஆய்வு அலுவலர் கல்லூரி முதல்வரிடம் சம்பளம் வாங்குபவர். சேர்க்கை எண்ணிக்கை, அங்கீகாரக் குழு கேட்கும் அட்டவணைகள், நிதி உதவிக்கான அறிக்கைகள் ஆகியவற்றிலேயே அவருடைய ஆண்டு கழியும். பல சிறிய கல்லூரிகளில் அந்த அலுவலகமே ஒருவரோ இருவரோதான். நான் இருந்த கல்லூரியில், அடிப்படைக் கணித வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கல்லூரிக் கணிதம் வரை வந்து சேர்ந்தார்கள் என்று காட்டும் ஒரு வரைபடத்தைத் துறைக் கூட்டத்தில் வைத்தபோது, முதலில் எழுந்த கேள்வி மாணவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. இந்தப் பக்கம் கல்லூரியை ஆளும் அறங்காவலர் குழுவுக்குப் போகும் கோப்பிலும் இருக்கிறதா என்பதாகவே இருந்தது. யாரும் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அடுத்த ஆண்டு அதே பக்கத்தைத் தயாரிக்கும்போது கை தானாகவே தயங்கும் என்பதுதான் விஷயம். தனி ஒருவர் தம் கல்லூரியைப் பற்றிச் சொல்லத் தயங்குவதை, எல்லாக் கல்லூரிகளையும் பற்றி ஒரு சங்கம் சொல்லிவிட முடியும். இந்தத் தொழிலில் சங்கம் தேவைப்படுவதற்கு, ஆண்டு மாநாட்டையும் பயிற்சிப் பட்டறையையும் விட இதுவே பெரிய காரணம்.

கலிஃபோர்னியாவில் அந்தச் சங்கத்தின் பெயர் சமுதாயக் கல்லூரிகளுக்கான ஆய்வு மற்றும் திட்டமிடல் குழு. எல்லோரும் சுருக்கமாக ஆர்.பி. குரூப் என்பார்கள். 116 கல்லூரிகளும் ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்களும் கொண்ட மாநிலச் சமுதாயக் கல்லூரி முறையில், ஆய்வு, திட்டமிடல் அலுவலகங்களில் பணிபுரிபவர்களின் இலாப நோக்கற்ற அமைப்பு அது. அதன் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் தத்தம் கல்லூரி வேலையையும் பார்த்துக்கொண்டே சங்கத்தின் பொறுப்பைச் சுமப்பவர்கள். செயல் இயக்குநர் பொறுப்புக்கு வந்த டார்லா கூப்பரும் அதற்கு முன் கல்லூரி ஆய்வு அலுவலகத்தை நடத்தியவரே. திங்கட்கிழமை காலையில் தன் கல்லூரி முதல்வருக்கு அட்டவணை அனுப்பியவர், செவ்வாய்க்கிழமை மாநிலம் முழுமைக்குமான அறிக்கையின் வரைவில் உட்காருவார். ஒரு பாடத்திலிருந்து பாதியில் விலகிய மாணவரை எந்தக் கல்லூரி எப்படிப் பதிவு செய்கிறது, எந்தக் குறியீட்டை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது இவர்களுக்கு அன்றாடப் பாடம். வெளியிலிருந்து வரும் பேராசிரியர் இதைக் கற்றுக்கொள்ளவே ஒரு பருவம் ஆகும்.

இந்தத் தலைமையால் என்ன விளைந்தது என்பதற்கு மாணவர்களைத் தரம் பிரிக்கும் தேர்வின் கதை போதும். கல்லூரிக்குள் நுழையும் மாணவரைக் கணினி முன் உட்காரவைத்து, ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் தேர்வு வைத்து, மதிப்பெண் குறைந்தால் பல்கலைக்கழகம் ஏற்காத அடிப்படை வகுப்புகளுக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கம். கலிஃபோர்னியாவில் புதிதாகச் சேர்ந்தவர்களில் 80 சதவீதம் பேர் இவ்வாறு ஏதேனும் ஓர் அடிப்படை வகுப்பிலாவது சேர்ந்தார்கள். கல்லூரிக் கணிதத்துக்கு மூன்று படி கீழே ஒருவரை வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அவர் நான்கு பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் மறுபடி வந்து பதிவு செய்ய வேண்டும், அது மூன்று முறை. ஆக ஏழு இடங்களில் அவர் நின்றுவிடக்கூடும். ஒவ்வோர் இடத்திலும் 100-க்கு 80 பேர் தாண்டுகிறார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், கடைசியில் மிஞ்சுவது 21 பேர்தான். எந்த ஆசிரியரும் சரியாகக் கற்பிக்காமல் போகவில்லை. எந்த வகுப்பிலும் தேர்ச்சி விகிதம் மோசமில்லை. ஆனாலும் 79 பேரைக் காணோம். தனித்தனி வகுப்பறையில் நிற்பவர் கண்ணுக்கு இது படாது. வரிசை முழுவதையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்ப்பவருக்கே தெரியும்.

அந்தத் தேர்வே நம்பத் தக்கதா என்ற கேள்வியை 2012-இல் கொலம்பியா மையத்தின் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் எழுப்பினார். கணிதத் தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும் ஆங்கிலத் தேர்வு எழுதியவர்களில் மூன்றில் ஒருவரும் கடுமையாகத் தவறான இடத்தில் வைக்கப்பட்டார்கள் என்பது அவர் கண்டது. அதே ஆண்டில் லாங் பீச் சிட்டி கல்லூரி, உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களைப் பள்ளி மதிப்பெண்ணின் அடிப்படையில் நேரடியாகக் கல்லூரிப் பாடங்களில் சேர்க்கத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்த புள்ளிவிவர வேலை அந்தக் கல்லூரியின் ஆய்வு இயக்குநர் ஜான் ஹெட்ஸுடையது. அவர் பின்னர் மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகள் அனைத்தையும் மேற்பார்க்கும் வேந்தர் அலுவலகத்திலேயே உயர் பொறுப்புக்கு வந்தார். ஆனால் ஒரு கல்லூரியின் வெற்றியை மற்ற நூறு கல்லூரிகள் “அது லாங் பீச்சுக்குச் சரி” என்று ஒதுக்கிவிடலாம். அப்படித்தான் பலர் ஒதுக்கினார்கள். அந்த இடத்தில்தான் சங்கம் வந்தது. ஆர்.பி. குரூப் பிற அமைப்புகளுடன் சேர்ந்து மாநிலம் முழுவதும் பள்ளி மதிப்பெண் பட்டியல்களையும் கல்லூரித் தேர்ச்சிகளையும் இணைத்துப் பார்த்தது. தேர்வு மதிப்பெண்ணைவிடப் பள்ளியின் நான்கு ஆண்டுச் சராசரியே மாணவரின் கல்லூரித் தேர்ச்சியை நன்றாக முன்னறிவிக்கிறது என்று தெரியவந்தது. நான்காண்டு உழைப்பின் கணக்கு ஒரு மணி நேரத் தேர்வின் கணக்கை மிஞ்சும் என்பதைச் சொல்ல இத்தனை பெரிய ஆய்வு வேண்டுமா என்று நம்மூர் ஆசிரியர் எவரும் கேட்பார். வேண்டியிருந்தது.

2017 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏபி 705 (சட்டமன்ற மசோதா 705) என்ற சட்டம், ஓர் ஆண்டுக்குள் பல்கலைக்கழகம் ஏற்கும் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் மாணவர் முடிக்கும் வாய்ப்பு எந்த வழியில் மிகுதியோ அந்த வழியில்தான் அவரைச் சேர்க்க வேண்டும் என்று விதித்தது. 2019 இலையுதிர்ப் பருவத்தில், முதன்முறையாக ஆங்கிலம் எடுத்தவர்களில் 96 சதவீதமும் கணிதம் எடுத்தவர்களில் 78 சதவீதமும் நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் சேர்ந்தார்கள். அப்போது ஒரு விசித்திரம் நிகழ்ந்தது: கல்லூரிப் பாடங்களில் தேர்ச்சி சதவீதம் குறைந்தது, தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கையோ பெருகியது. முன்பு கதவுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்ததால் இரண்டும் ஒருசேர உண்மை. வகுப்பெடுக்கும் ஆசிரியர் முதல் எண்ணைப் பார்த்து வருந்தினார். ஆய்வு அலுவலர் இரண்டாவதைப் பார்த்து மகிழ்ந்தார். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது சங்கத் தலைவர்களின் வேலையாயிற்று. அதைச் சிலர் பொறுமையுடன் செய்தார்கள். சிலர் முதல் எண்ணைப் பேச்சிலேயே தவிர்த்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏனெனில் இந்தத் தலைமை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 2022-இல் வந்த ஏபி 1705 சட்டம் நேரடிச் சேர்க்கையை மேலும் இறுக்கி, அறிவியல், பொறியியல் மாணவர்களைக் கால்குலஸ் எனும் நுண்கணிதத்தில் நேரடியாகச் சேர்ப்பதுவரை கொண்டுசென்றபோது, கணித ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆர்.பி. குரூப்பின் ஆய்வு முறையையே கேள்விக்குள்ளாக்கினார்கள். ஒரே மதிப்பெண் சராசரி உள்ள இருவரில், கால்குலஸுக்குத் துணிந்து போனவர் இயல்பிலேயே கூடுதல் ஆயத்தம் உள்ளவராக இருக்கலாமல்லவா என்பது நியாயமான கேள்வி. மாநில வேந்தர் அலுவலகத்துக்காக ஆய்வு செய்துதரும் சங்கம், அந்த அலுவலகத்தின் கொள்கைக்கே சான்றளிக்கிறதோ என்ற ஐயமும் அத்துடன் எழும். இதற்கு விடை, கேட்டவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்குவதில் இல்லை. கணக்கிட்ட முறையையும், பெயர் நீக்கிய தரவையும், தமக்குப் பாதகமான முடிவுகளையும் பொதுவில் வைப்பதில் இருக்கிறது. கல்லூரி முதல்வரின் முன் தயங்கிப் பழகியவர்கள், மாநில வேந்தரின் முன்னும் தயங்குவார்களா என்பதே இந்தத் தலைவர்களை அளக்கும் கோல் என்று கருதுகிறேன்.

இவர்கள் எண்களோடு நின்றுவிடவுமில்லை. கூப்பர் வழிநடத்திய மற்றோர் ஆய்வு, 13 கல்லூரிகளில் ஏறத்தாழ 900 மாணவர்களிடம், உங்களைத் தொடர்ந்து படிக்கவைத்தது எது என்று நேரடியாகக் கேட்டது. இலக்கு தெளிவாக இருப்பது, கல்லூரியோடு ஒட்டுதல் ஏற்படுவது, தம்மை யாரோ மதிக்கிறார்கள் என்று உணர்வது போன்ற ஆறு காரணங்களை அது தொகுத்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லைதான். ஆயினும் வரவுசெலவுத் திட்டத்தில் ஆலோசகர் பணியிடங்களை வெட்ட நினைக்கும் நிர்வாகத்தின் முன் நீட்டுவதற்கு அலுவலரிடம் ஒரு தாள் கிடைத்தது.

தங்கள் வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் சென்னையிலிருந்து நடத்திய ஆய்வு மேம்பாட்டு மையம் அந்த முறையை மற்ற மாநிலங்களுக்கும் எடுத்துச் சென்றது. பின்னர் 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் சமுதாயக் கல்லூரிகளுக்கென ஒரு திட்டத்தை வகுத்தது. சேர்ந்தவர் எத்தனை பேர், சான்றிதழ் பெற்றவர் எத்தனை பேர், ஓராண்டுக்குப் பின் அந்த வேலையில் நீடித்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு இங்கும் ஏதோ ஓர் அலுவலக மேசையில்தான் உருவாகிறது. அதுவும் கல்லூரி முதல்வரின் கையொப்பத்துக்குப் பிறகே வெளியே வருகிறது. இந்தக் கணக்கைப் பார்ப்பவர்களுக்கென இங்கே ஒரு சங்கம் அமையுமானால், அதன் முதல் தலைவராகப் பெயர்பெற்ற முன்னாள் துணைவேந்தர் ஒருவரை அழைத்து வந்து பொன்னாடை போர்த்தும் வழக்கத்தை விட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டையும் மாணவர் தொலைபேசி எண்களையும் இன்று கையில் வைத்திருக்கும் ஒருவரையே அந்தப் பொறுப்பில் அமர்த்த வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி ஆய்வு அலுவலர்,
கலிஃபோர்னியா