தனப்பின் ஊர்ப் பக்கத்து உறவுகளுக்கும், பெயர் கேட்காமல் நாங்கள் விட்டுவந்தவர்களுக்கும்

மாமா, அத்தை, போதகர் ஐயா, அப்புறம் வாய்க்கால் கரையில் எங்கள் காரைத் தூக்கிவிட்ட தம்பிமார் எல்லாருக்கும் ரங்கூனிலிருந்து ஸ்தோத்திரம்.

தம்பிமாரில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. மாமா இதைப் படித்து பர்மியத்தில் சொல்லவேண்டும். சுருக்கிச் சொல்லக்கூடாது, மாமா. உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும்.

ஜனவரி 4, சனிக்கிழமை, பர்மா சுதந்திர தின விடுமுறை. தாத்தாவின் வயலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அம்மா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெகு வரைக்கும் 50 மைல், நல்ல ரோடு. அதைத் தாண்டி வாய்க்கால் கரை மண்பாதையில்தான் வினை. எதிரே வந்த கை டிராக்டருக்கு வழிவிட ஒதுங்கினோம். கரை இடிந்து, பின்சக்கரம் சரிந்து உளுந்து வயலில் இறங்கிவிட்டது. அடி யாருக்கும் இல்லை. ஆனால் உச்சி வெயிலில் அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது.

பாதையோரம் மரத்தடியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். பர்மாவில் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. சின்ன மரக்கூரை, அதன் கீழே இரண்டு மண்பானை, மூடிமேல் கவிழ்த்த ஈயக் குவளை. புண்ணியத்துக்காக யாரோ தினமும் நிரப்பி வைப்பார்கள். அந்தக் குவளையில்தான் அம்மா தண்ணீர் குடித்தாள். சிறியவர் ஒருவருக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவனும் பலனை இழக்கமாட்டான் என்று இயேசு சொன்னதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். எப்போதும் கொடுக்கிற கையாகத்தான் என்னை நினைத்துக்கொள்வேன். கை நீட்டி வாங்கிக் குடிக்கிற சிறியவர் நாங்களாக இருப்போம் என்று தோன்றியதே இல்லை. பானையை நிரப்பியவருக்கு நாங்கள் யார், எந்தச் சாமி என்றும் தெரியாது.

மடத்துப் பெரிய பிக்கு சொல்லியனுப்பி ஒரு பையன் பாயும் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கும் கொண்டுவந்தான். அதற்குள் எட்டுப் பேர் கைலியை மடித்துக்கட்டி வயலில் இறங்கிவிட்டார்கள். மூங்கிலைக் கொடுத்து நெம்பி, மூன்றாவது தம்மில் காரை மேலே ஏற்றினார்கள். ஒரு தம்பிக்குத் தகரம் கிழித்து முழங்காலுக்குக் கீழே இரத்தம். அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு சிரித்தான்.

உளுந்து அப்போதுதான் மஞ்சள் பூ விடத் தொடங்கியிருந்தது. ஒரு பாய் விரிக்கிற அளவுக்குச் செடி நசுங்கிப்போனது. வயல்காரரிடம் பணம் நீட்டினேன். "கெய்ஸா மஷீபூ" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பரவாயில்லையாம்! பயிர் அவருடையது, சமாதானம் எனக்கு.

அத்தை, உங்கள் மொகிங்கா மீன்குழம்புச் சேமியாவைப் பற்றி எழுதினால் கடிதம் முடியாது. ஆனால் சாயங்காலம் வரப்பில் பாய் போட்டு அம்மாவை உட்காரவைத்தீர்களே, அதற்குத் தனியாக நன்றி. 1960களில் எத்தனையோ குடும்பங்கள் ஊருக்குக் கப்பலேறினபோது தாத்தா ஏறவில்லை. அவர் வயல் உளுந்து மட்டும் இந்தியாவுக்கு ஏறுகிறது என்று மாமா சொன்னதற்கு அம்மா சிரித்த சிரிப்பை வீட்டில் கேட்டு நாளாகிவிட்டது. அறுப்பு முடிந்த தாளடியில் யாரோ மேய்க்கிற வாத்துக்கூட்டம் சிந்தின நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. "சின்னதில நானும் இப்படித்தான் கதிர் பொறுக்கினேன். ரூத்து கதை கேட்டப்போ அது நான்தான்னு நெனச்சேன்" என்றாள். ரூத் பொறுக்கினது அந்நிய தேசத்து வயலில் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு இது அந்நியமா, சொந்தமா? நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் ஆராதனையில் போதகர் ஐயா சாட்சி சொல்லச் சொன்னார். எழுந்து நின்று, ஆபத்தில் கர்த்தர் எட்டுத் தூதர்களை அனுப்பினார் என்று உருக்கமாகச் சொன்னேன். சபையார் ஆமென் என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். திரும்பி வரும்போது பெகு தாண்டினதும் அம்மா கேட்டாள்: "ஏன்டி, தூதனுக்குக் கால்ல இரத்தம் வருமா? அந்தப் பையன் பேரு கேட்டியா?"

கேட்கவில்லை. கர்த்தருக்கு மைக்கில் நன்றி சொன்னேன். வயலில் நின்றவர்களுக்கு அவசரமாக ஒரு கும்பிடு, அவ்வளவுதான். தூதர் என்று சொல்லிவிட்டால் பெயர் கேட்கிற வேலை மிச்சம்போலும். அதனால்தான் இந்தக் கடிதம்.

தம்பி, காயம் ஆறிவிட்டதா? தடுப்பூசி போட்டாயா? எட்டுப் பேரின் பெயரையும் மாமா எழுதி அனுப்பட்டும். ஜெபத்தில் சொல்ல அம்மா கேட்கிறாள். பிப்ரவரி கடைசியில் உளுந்து பிடுங்கும்போது வருகிறோம். வயல்காரர் பணம் வாங்கமாட்டார், சரி. இரண்டு நாள் கூட நின்று பிடுங்கக் கூலியில்லாத ஆள் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று சொல்லிவையுங்கள்.

மடத்துப் பையனிடம் ஒரு வார்த்தை: பச்சை ஃபிளாஸ்க் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தேடவேண்டாம். வரும்போது கொண்டுவருகிறோம்.