ஜமீரைப் பற்றி எழுதப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எஸ். சி. ஜமீரைப் பற்றித் தமிழில் நீண்ட கட்டுரை எழுதப்போகிறாய் என்று கேட்டு மிகவும் மகிழ்ந்தேன். நாகாலாந்து அரசியலைப் பற்றி நம் மொழியில் இருப்பது கொஞ்சம்தான், அதிலும் பெரும்பகுதி துப்பாக்கிச் சண்டைச் செய்திகள். நீ அனுப்பிய குறிப்பு "நான்கு முறை முதலமைச்சர், பல மாநிலங்களின் ஆளுநர், 2020இல் பத்ம பூஷண்" என்று தொடங்குகிறது. எல்லாம் சரி, ஆனால் அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளு. அவர் வாழ்க்கையின் முதுகெலும்பு, நாகாலாந்து மாநிலத்துக்கு வழிவகுத்த, நாகா தலைவர்கள் 1960 ஜூலையில் டெல்லியில் நேரு அரசோடு பேசி முடித்த 16 அம்ச உடன்படிக்கை. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அவர், அப்போது வயது 28. அதன்பிறகு அவர் செய்தது பெரும்பாலும் அந்தத் தாளைக் காப்பாற்றும் வேலை, அல்லது அதற்காக அடி வாங்கும் வேலை.

பிறப்பு, படிப்பை ஒரு பத்தியில் முடித்துவிடு. 1931 அக்டோபர் 17, மொகோக்சுங் மாவட்டம், உங்மா கிராமம். முழுப்பெயர் சேனாயாங்பா சுபாதோஷி ஜமீர். ஜமீர் என்பது ஆவோ நாகாக்களின் குலப்பெயர்களில் ஒன்று. நம் வாசகர் இஸ்லாமியப் பெயர் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு, அதனால் முழுப்பெயரை முதலிலேயே கொடுத்துவிடு. அலகாபாத்தில் பட்டமும் சட்டமும் படித்தார். பின்னாளில் அரசமைப்புச் சட்டப் பிரிவுகளைக் கையில் வைத்துக்கொண்டே அரசியல் பேசியவர் என்பதால் சட்டப் படிப்பை விட்டுவிடாதே.

உடன்படிக்கைக்கு எப்படி வந்தார்கள் என்பதை அவசரப்படாமல் எழுது. தனி நாடு கேட்ட ஃபிசோவின் தலைமையிலான நாகா தேசிய கவுன்சில் 1951 மே 16இல் அதற்காகப் பொது வாக்கெடுப்பைத் தொடங்கியது. 1952 தேர்தலை நாகா மலைகள் புறக்கணித்தன. 1956 மார்ச் 22இல் தனி நாகா அரசு அறிவிக்கப்பட்டது, ராணுவம் வந்தது, ஊர்கள் எரிந்தன. இந்த நெருப்புக்கு நடுவில்தான், இந்தியாவுக்குள்ளேயே தீர்வு தேடிய நாகா மக்கள் மாநாடு 1957 ஆகஸ்டில் கொஹிமாவில் கூடியது. தலைவர் இம்கோங்லிபா ஆவோ. அந்த ஆண்டு டிசம்பர் 1இல் நாகா மலை மாவட்டமும் துவென்சாங்கும் ஒரே நிர்வாகப் பகுதியாயின. இரண்டாவது மாநாடு 1958 மே மாதம் நடந்தது, நடந்த இடம் ஜமீரின் சொந்த ஊரான உங்மா. மூன்றாவது, 1959 அக்டோபரில் மொகோக்சுங்கில் கூடி 16 கோரிக்கைகளை வரைந்தது. நேரு அரசோடு பேசி முடிந்தது 1960 ஜூலை இறுதியில், நாடாளுமன்றத்தில் நேரு அறிவித்தது ஆகஸ்ட் 1. மாநிலம் தொடங்கியதோ 1963 டிசம்பர் 1, தொடங்கிவைத்தவர் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். "1960இல் நாகாலாந்து மாநிலம் உருவானது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. நீ அந்தத் தவறைச் செய்யாதே. முதல் முதலமைச்சர் பி. ஷிலு ஆவோ, ஜமீர் அல்ல.

16 அம்சங்களையும் வரிசையாகக் கொட்டினால் வாசகர் மூன்றாவதிலேயே கழன்றுகொள்வார். எது நடந்தது, எது சுருங்கியது, எது கிடப்பில் போனது என்று பிரித்துச் சொல். தனி மாநிலம், ஆளுநர், அமைச்சரவை, இன்னர் லைன் அனுமதி முறை (வெளியார் உள்ளே வர அனுமதிச் சீட்டு) தொடர்வது, தனி நாகா ரெஜிமெண்ட் ஆகியவை நடந்தவை (ரெஜிமெண்ட் 1970 நவம்பர் 1இல் ராணிகேத்தில் தொடங்கியது). மக்களவைக்கு 2, மாநிலங்களவைக்கு 1 என்று எழுதியிருந்தார்கள், கிடைத்தது அவைக்கு ஒன்று. கிடப்பில் போனவைதான் பின்னால் தீப்பிடித்தன. 12ஆவது அம்சம், நாகா மலைகளிலிருந்து பிரித்து வெளியே சேர்க்கப்பட்ட காடுகளைப் பற்றியது. 13ஆவது, ஒட்டியுள்ள நாகா பகுதிகளை ஒன்றாக்குவது. இந்த 13க்கு டெல்லி ஒப்புக்கொள்ளவில்லை. நாகா தரப்பின் விருப்பத்தைப் பதிவு செய்துகொண்டு, அரசமைப்பின் 3, 4 பிரிவுகளில் வழி இருக்கிறது, இப்போது உறுதி தர இயலாது என்று எழுதி நிறுத்திவிட்டது. 1985இல் மேராபானியில் அசாம் காவல்துறையும் நாகாலாந்து காவல்துறையும் சுட்டுக்கொண்டபோது கொஹிமாவில் முதலமைச்சர் ஜமீர். அசாமிலும் காங்கிரஸ் ஆட்சிதான். எல்லைத் தகராறு கட்சியைப் பார்த்து வருவதில்லை, 25 ஆண்டு முன் முடிக்காமல் விட்டதிலிருந்து வந்தது.

அந்த உடன்படிக்கையிலிருந்து அரசமைப்புக்குள் வந்த 371ஏ பிரிவுதான் அதன் உயிர். அது வேலை செய்யும் விதத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். "மத்தியச் சட்டங்கள் நாகாலாந்தில் செல்லாது" என்பது தவறு. நான்கு பொருள்களில் மட்டும் நாடாளுமன்றச் சட்டம் தானாகப் பொருந்தாது: நாகாக்களின் சமய, சமூக வழக்கங்கள், நாகா வழக்காற்றுச் சட்டமும் நடைமுறையும், அந்த வழக்காற்றின்படி தீர்க்கும் உரிமையியல், குற்றவியல் நீதி நிர்வாகம், நிலமும் அதன் வளங்களும், அவற்றின் உடைமையும் கைமாற்றமும். இந்த நான்கில் ஒரு சட்டம் அங்கே செல்ல வேண்டுமானால் மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டும். மற்றவற்றில் இந்தியா முழுதும் உள்ள சட்டமே. நான்காவது பொருளில்தான் பணம் இருக்கிறது. வோக்கா மாவட்டத்தின் சாங்பாங்கில் ஓஎன்ஜிசி எடுத்துவந்த எண்ணெய், உள்ளூர் எதிர்ப்பால் 1994இல் நின்றுபோனது. அப்போதும் ஜமீர்தான் முதல்வர். நிலத்தின் வளம் யாருடையது, டெல்லியா, கொஹிமாவா, கிராமமா என்ற கேள்விக்கு அந்த வாசகம் முழு விடை தராது. பாதுகாப்பு என்று எழுதியது பேரம் பேச முடியாத முட்டுக்கட்டையாகவும் மாறும் என்பதை இந்த உதாரணத்தால் காட்டு.

விலையைச் சொல்லாமல் விடாதே. ஃபிசோவின் தரப்பு இந்த உடன்படிக்கையைத் துரோகம் என்றது. இம்கோங்லிபா ஆவோ 1961 ஆகஸ்ட் 22இல் சுடப்பட்டு இரண்டு நாளில் இறந்தார், உடன்படிக்கை முடிந்து ஓராண்டு கடந்த சில வாரங்களிலேயே. ஜமீரின் வாகன அணி 1999 நவம்பரில் தாக்கப்பட்டது, அவர் தப்பினார். இடையில் கிட்டத்தட்ட 40 ஆண்டுகள். அவ்வளவு காலம் காவல் சூழ நடமாடிய ஒரு மனிதரின் பேச்சில் இருந்த கடுமையை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். நியாயப்படுத்தச் சொல்லவில்லை, வாசகருக்கு அந்த அழுத்தம் தெரிய வேண்டும்.

டெல்லிக் காலத்தைச் சுருக்கமாக. 1961இலிருந்து நாடாளுமன்றத்தில் நாகா பகுதியின் குரல் அவர், வெளியுறவு அமைச்சகத்தில் நாடாளுமன்றச் செயலாளர். ஏன் வெளியுறவு? நாகாலாந்து விவகாரம் அப்போது உள்துறையில் இல்லை, வெளியுறவு அமைச்சகத்தில் இருந்தது, அதுவும் உடன்படிக்கையின் ஓர் அம்சம். 1972இல்தான் உள்துறைக்கு மாறியது. 1967இல் மக்களவைக்குப் போட்டியின்றித் தேர்வானார். அப்போது அவர் கட்சி நாகா நேஷனலிஸ்ட் ஆர்கனைசேஷன். அது 1976இல் காங்கிரஸோடு இணைந்தது. "வாழ்நாள் காங்கிரஸ்காரர்" என்று உன் குறிப்பில் இருப்பதை அடித்துவிடு.

முதலமைச்சர் பதவிக்காலங்கள்: 1980 ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, 1982 நவம்பர் முதல் 1986 அக்டோபர் வரை, 1989 ஜனவரி முதல் 1990 மே வரை, 1993 பிப்ரவரி முதல் 2003 மார்ச் வரை. கூட்டினால் 15 ஆண்டுக்குச் சற்று மேல். சிலர் ஐந்து முறை என்பார்கள். 1998இல் மீண்டும் பதவியேற்றதைத் தனியாக எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. "நான்கு காலகட்டங்கள்" என்று எழுதினால் சிக்கல் இல்லை.

ஆட்சிகள் ஏன் இப்படி ஒடிந்தன? 60 பேர் கொண்ட சபையில் கணக்கைப் போட்டுப் பார். பெரும்பான்மைக்கு 31. 35 பேர் வைத்திருக்கும் கட்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 பேர், ஒன்றாக வெளியேறினால் அரசமைப்பின் அன்றைய பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) அது கட்சித் தாவல் அல்ல, பிளவு. பதவி பறிபோகாது, ஆட்சி மட்டும் போகும். 1988இல் ஹோகிஷே சேமாவின் காங்கிரஸ் ஆட்சியிலிருந்து 13 பேர் பிரிந்தபோது ஆளுநரின் அறிக்கையின்பேரில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1994இல் எஸ். ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது, பெரும்பான்மையைச் சபையில்தான் சோதிக்க வேண்டும் என்றது. 1990 மே மாதம் ஜமீரின் ஆட்சியும் உறுப்பினர்கள் விலகியதால்தான் கவிழ்ந்தது, கே. எல். சிஷி முதல்வரானார். மூன்றில் ஒரு பங்கு என்ற இந்தக் கதவை 2003இல் 91ஆவது திருத்தம்தான் அடைத்தது.

இந்தத் தீர்ப்பை விளக்கிவிட்டு அப்படியே கோவாவுக்குப் போ. 2005 பிப்ரவரியில் அங்கே ஆளுநராக இருந்த ஜமீர், நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றதாகச் சொன்ன மனோகர் பாரிக்கரின் அமைச்சரவையை அன்றே நீக்கி, பிரதாப்சிங் ரானேயைப் பதவியேற்க வைத்தார். வாக்கெடுப்பின்போது சபாநாயகர் ஒரு சுயேச்சை உறுப்பினரை வெளியேற்றியது முறையல்ல என்பது ஜமீர் தரப்பின் காரணம். ஆளுநர் எங்கே நிற்க வேண்டும் என்று 1988 நாகாலாந்து கற்றுக்கொடுத்திருந்த பாடத்தை அந்த மண்ணிலிருந்து வந்தவரே பொருட்படுத்தவில்லை என்பது என் எண்ணம். நீ வேறாக நினைத்தால் அப்படியே எழுது, ஆனால் இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் வை.

1998 சட்டமன்றத் தேர்தல்தான் கட்டுரையின் கடினமான இடம். முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 1இலிருந்து டெல்லிக்கும் ஐசக்–மூய்வா தலைமையிலான நாகா ஆயுத அமைப்புக்கும் போர்நிறுத்தம். "முதலில் தீர்வு, பிறகு தேர்தல்" என்று நாகா பழங்குடிகளின் பொது அமைப்பான நாகா ஹோஹோவும் மற்ற அமைப்புகளும் கேட்டன. மாநிலக் கட்சிகள் ஒதுங்கின. காங்கிரஸ் நின்றது. 60இல் 53 இடம், அதில் 43 போட்டியே இல்லாமல். தேர்தல் ஆணையப் புள்ளிவிவரத்தில் வாக்கு விழுக்காட்டை எடுத்து "மக்கள் ஆதரவு" என்று எழுதிவிடாதே. வாக்குப்பதிவு நடந்தது மீதி 17 தொகுதிகளில் மட்டுமே, அங்கே காங்கிரஸ் வென்றது 10, சுயேச்சைகள் 7. அரசமைப்பு நடைமுறையை நிறுத்தக் கூடாது என்ற ஜமீரின் வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் எதிரே ஆளில்லாத வெற்றி அவருடைய அரசுக்கு மக்கள் மத்தியில் இருந்த மரியாதையைக் கரைத்தது. உள்துறை அமைச்சராக இருந்த நெய்ஃபியு ரியோ 2002இல் விலகினார். 2003இல் காங்கிரஸ் 21 இடங்களோடு தனிப்பெரும் கட்சியாக வந்தும் ஆட்சி ரியோவின் கூட்டணிக்குப் போனது.

அந்தக் கடைசி ஆண்டுகளிலிருந்து ஒரு நல்ல விஷயத்தைக் கட்டாயம் சேர். பொது நிறுவனங்களைக் கிராமச் சமூகத்திடம் ஒப்படைக்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டம். தொடக்கப் பள்ளி, துணைச் சுகாதார நிலையம், மின்விநியோகம் ஆகியவற்றைக் கிராமக் குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். ஆசிரியர் சம்பளம் குழுவின் கணக்குக்கு வரும், வராத நாளுக்குக் குழு பிடித்துக்கொள்ளும், பிடித்த பணம் பள்ளிக்கே. 2008இல் ஐ.நா. பொதுச்சேவை விருது கிடைத்தது. குழுவில் இருப்பவர்களும் ஆசிரியரும் சொந்தக்காரர்களாகிவிடும் ஊரில் இது தளர்ந்தது, தனக்குப் பதில் குறைந்த கூலிக்கு வேறொருவரை அனுப்பும் பழக்கமும் ஒழியவில்லை. இரண்டையும் எழுது. 1989 மதுவிலக்குச் சட்டத்துக்கு ஒரு வரி போதும்: தேவாலயங்களின் வற்புறுத்தலில் வந்தது, அசாம் எல்லை வழியாகச் சரக்கு வந்துகொண்டே இருந்தது.

"துரோகி", "சிற்பி" என்ற இரண்டு சொல்லையும் உன் வாயால் சொல்லாதே. சொன்னவர் யார், எந்த ஆண்டு என்று காட்டி அவர்கள் வாயிலேயே விட்டுவிடு. 371ஏ பத்தியை முதலில் எழுதி எனக்கு அனுப்பு ம்மா, பிரிவின் மூல வாசகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அதன்பிறகு 1998.

அன்புடன்,
அப்பா