மணல் மேடு

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். தை மாதம் இரண்டு பேருமாக அங்கே வருகிறோம். கண் ஆபரேஷன் முடிந்து எனக்குப் பார்வை தெளிவாகிவிட்டது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களாகத் தேடிப் பார்க்கிறேன்.

அதில் ஒன்றை நீ பார்த்தே ஆக வேண்டும். சிட்னி லூமெட் இயக்கிய 'தி ஹில்', 1965. இரண்டாம் உலகப் போர் சமயம், லிபியப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களையே அடைத்துவைக்கும் சிறை. நடுவில் மணலைக் குவித்துக் கட்டிய ஒரு மேடு. கொளுத்தும் வெயிலில் மூட்டை முடிச்சோடு அதில் ஏறி, இறங்கி, திரும்ப ஏற வேண்டும். எதிரிப் படையிலிருந்து ஒருவன்கூடத் தலைகாட்டுவதில்லை. பின்னணி இசையும் கிடையாது. பூட்ஸ் சத்தம், அதட்டல், மூச்சிரைப்பு, அவ்வளவுதான். கதை எழுதிய ரே ரிக்பி அப்படியொரு சிறையில் கிடந்தவராம்.

புதிதாக வரும் ஐந்து கைதிகளில் ஷான் கானரி ஒருவர். ஜேம்ஸ் பாண்டாக உலகமே கொண்டாடிய நேரத்தில், ஒட்ட வெட்டிய தலையும் புழுதியுமாக நிற்கிறார். இன்னொருவன் ஸ்டீவன்ஸ், பயந்த சுபாவம். மனைவியைப் பார்க்க ஓடிப்போய் மாட்டிக்கொண்டவன். அவனுக்கு விஷவாயு முகமூடியை மாட்டி மேட்டில் ஏறவிடுகிறான் ஒரு காவலன். என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

ஆனால் எனக்கு ஆறாத கோபம் அந்தக் காவலன்மேல் இல்லை, முகாம் டாக்டர்மேல்தான். மைக்கேல் ரெட்கிரேவ் நடித்திருக்கிறார். படித்தவர், இரக்கம் உள்ளவர். கைதிகளை மேலோட்டமாகப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார். ஒரே ஒரு தடவை மாட்டேன் என்றிருந்தால் போதும். பின்னால் அவர் வாய்திறக்கப் பார்க்கும்போது, தண்டனையைத் தாங்க உடல்தகுதி இருக்கிறது என்று சொன்னது நீங்கள்தானே என்று சிறையை நடத்தும் சார்ஜென்ட் மேஜர் மடக்குகிறார். அப்போது டாக்டர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. நாமும் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள். 'எல்லாம் சரி' என்று கீழே போடுகிற கையெழுத்து யார் தலையில் போய் விடியும் என்று நமக்குத் தெரியாதா?

அப்புறம், உச்சரிப்பு கொஞ்சம் கடினம், சப்டைட்டில் போட்டுக்கொள். முடிவை நான் சொல்லமாட்டேன். கடைசி நிமிஷத்தில் கானரி தன் கூட்டாளிகளைப் பார்த்துக் கத்துகிறார் பார், அது எனக்கு நியாயமாகவே பட்டது. உனக்கு எப்படிப் படுகிறது என்று எழுது.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்