அம்மாவும் பிரம்பு நாற்காலியும்

அன்புள்ள சாந்தி,

உன் அப்பா விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எழுத நினைத்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். எலும்பு முறியவில்லை என்றாயே, அதுவே நிம்மதி. ஆனால் அதற்கப்புறம் அவரை மார்க்கெட்டுக்கு அனுப்புவதில்லை, மாடியும் ஏற விடுவதில்லை என்று சொன்னாய் பார், அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் அம்மாவிடம் அதே தப்பைத்தான் செய்தேன்.

போன வருஷம் கால் வலிக்கிறது என்றதும் சமையல், செடிக்குத் தண்ணீர், கடைக்குப் போவது என்று அம்மாவின் வேலை எல்லாவற்றையும் பாசத்தோடு வாங்கிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வாசல் பக்கமிருந்து பார்க்கிறேன், பிரம்பு நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, விரல் முட்டிகள் வெளுக்க, முன்னால் சாய்ந்து எழப்பார்த்து, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது தடவைதான் எழுந்தாள். 81 வயதுதானே என்று விட்டுவிட முடியவில்லை, தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்த கை அது.

பிசியோதெரபி செய்கிற பெண் அம்மாவின் கைகளை மார்பில் கட்டச் சொல்லி, ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தாள். அன்று இரண்டுக்கு மேல் முடியவில்லை. ‘பக்கத்து வீட்டுப் பாட்டி நன்றாக நடக்கிறாரே’ என்றேன். ‘அவரை விடுங்கள், உங்கள் அம்மா மூன்று மாதத்துக்கு முன்பு எப்படி இருந்தார், அதைச் சொல்லுங்கள்’ என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் இதைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். ஒரே மனிதர்களை வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஆய்வுகளின் உயிரே அந்தக் கேள்விதான். நம் மலேசியாவிலேயே 2013ல் மலாயாப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. எங்கள் பங்சார் இருக்கிற லெம்பா பந்தாயிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வாக்காளர் பட்டியலிலிருந்து 55 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்து, மலாய், சீன, இந்தியர் மூன்று தரப்பையும் சேர்த்து, கையால் இறுக்கிப் பிடிக்கும் பலம், நடை, விழுந்தது எல்லாம் குறித்துக்கொண்டார்கள்.

ஸ்காட்லாந்தில் நடந்ததைக் கேள், ஆசிரியைகளான நமக்குப் பிடிக்கும். 1932 ஜூன் 1ந்தேதி அங்கே பதினொரு வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருக்கும், 87,498 பேருக்கு, ஒரே தேர்வு வைத்தார்கள். அந்த மதிப்பெண் பதிவேடுகள் பத்திரமாக இருந்ததால், பல பத்தாண்டுகள் கழித்து அதே பிள்ளைகளை முதியவர்களாகத் தேடிப்பிடித்து, மூளை எப்படி மூப்படைகிறது என்று அவர்களின் பழைய மதிப்பெண்ணோடே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நாம் கட்டிப்போட்ட பதிவேடுகளை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

ஒன்று மட்டும் நமக்கு யோசிக்க வேண்டியதாக இருக்கிறது. முதியவர் தன் காலில் நிற்கிறாரா என்று பார்க்க 1969லிருந்து இருக்கிற ஒரு அளவுகோலில் போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, துவைப்பது, பணம் கையாள்வது என்று எட்டு வேலைகளைக் கேட்பார்கள். ஆண்களிடம் சமையல், வீட்டு வேலை, துவைப்பதைக் கேட்காமல் ஐந்தோடு விட்டுவிடுவது வழக்கமாக இருந்ததாம். நம் வீடுகளில் இது தலைகீழாகவும் நடக்கும். அம்மா வங்கிக்குப் போனதே இல்லை, அப்பா விட்டதில்லை. அதற்காக அவளால் முடியாது என்று எழுதினால் நியாயமா? முடியாததையும் செய்யவிடாததையும் ஒரே கட்டத்தில் டிக் போடக் கூடாது.

முதலில் உன் அப்பா ஏன் விழுந்தார் என்று டாக்டரிடம் கேள், ரத்த அழுத்த மாத்திரையா, கண்ணா, செருப்பா. அது தெரிந்தபின், கைப்பிடி இருக்கிற படியில் பக்கத்தில் நின்றபடி ஏற விடு. மார்க்கெட்டுக்கும் நீயும் கூடவே போ, ஆனால் மீன் வாங்குவது அவராக இருக்கட்டும்.

அம்மா இப்போது ஐந்து முறையும் எழுகிறாள், 19 விநாடி. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நோட்டில் எழுதுகிறேன், அவளே ‘எத்தனை?’ என்று கேட்கிறாள். தைப்பூசத்துக்குப் பினாங்கு வருகிறோம். உன் அப்பாவுக்கு மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், காய் நறுக்கியதும் அவள்தான்.

அன்புடன்,
மீனா