சுற்றாத தகடு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ செய்து அனுப்பிய ஸ்பின்னர் மூன்றும், இழுத்தால் தகடு சுற்றி மீனை ஈர்க்கும் அந்தத் தூண்டில் இரைகள், வந்து சேர்ந்தன. கைவேலை சுத்தம். ஆனால் தொட்டித் தண்ணீரில் இழுத்தால் ஒன்று சுற்றவே இல்லை. இன்னொன்றில் தகடும் உடலும் சேர்ந்தே உருள்கின்றன. விரால் கவ்வாததற்கு ஏரியைக் குறை சொல்லாதே.

முதலாவதில் உடலுக்கும், தகட்டைக் கம்பியில் மாட்டும் சின்ன U வடிவத் துண்டான கிளெவிஸுக்கும் நடுவே பாசிமணி இல்லை. இழுக்கும்போது தண்ணீர் தகட்டைப் பின்னால் தள்ளும். கிளெவிஸ் போய் உடல் விளிம்பில் அமர்ந்து உராயும். வழவழப்பான சின்னப் பித்தளைப் பாசி ஒன்று கோத்துவிட்டால், அதன் மேல் வழுக்கிக்கொண்டு சுற்றும். பாசியின் துளை கம்பிக்குச் சரியாக இருக்கட்டும், பெரிதானால் சாய்ந்து இறுகிக்கொள்ளும். இன்னொன்று, தகட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறாய். குழிந்த பக்கம் கம்பியைப் பார்க்க வேண்டும்.

உருள்கிறதே, அதில் கணக்கு தப்பியிருக்கிறது. எண் கூடினால் தகடும் பெரிது; 4-ஆம் எண் தகட்டுக்கு வெறும் பிளாஸ்டிக் பாசிகளாலான உடல் போதாது. தகடு சுற்றும் வேகம் உராய்வு வழியாகக் கம்பிக்கும் வரும். அதைத் தாங்க, உடல் தகட்டைவிடப் பல மடங்கு கனமாக இருக்க வேண்டும். பித்தளை உடல் போடு, அல்லது தகட்டை 2-க்கு இறக்கு.

அடுத்ததைச் செய்யும்போது வரிசை இப்படி இருக்கட்டும். விறைப்பான ஸ்டெயின்லெஸ் கம்பி, 0.8 மில்லிமீட்டர், 15 சென்டிமீட்டர். கட்டுக்கம்பி வேண்டாம், முதல் மீனிலேயே வளைந்துவிடும். வளைந்த கம்பியில் தகடு திக்கும். ரவுண்ட் நோஸ் பிளையரால் ஒரு முனையில் வளையம் போட்டு, மூடுவதற்கு முன்பே முள்ளை மாட்டி, மூன்று சுற்று நெருக்கமாக முறுக்கு. பிறகு மேல்முனை வழியாக உடல், பாசி, தகடு மாட்டிய கிளெவிஸ். கடைசியாக மேல் வளையம். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். கிளெவிஸுக்கு மேலே 4, 5 மில்லிமீட்டர் கம்பி காலியாக இருக்க வேண்டும். முறுக்கு கிளெவிஸைத் தொட்டால் எல்லாம் வீண். வெட்டிய நுனியை அரத்தால் தேய்த்துவிடு, தூண்டில் நரம்பை அறுப்பது அதுதான்.

தகட்டின் வடிவத்தையும் பார். கொலராடோ எனப்படும் வட்டத் தகடு கம்பியிலிருந்து விலகிச் சுற்றும். மெதுவாக இழுத்தாலும் வேலை செய்யும், தேங்கிய ஏரிக்கு அதுவே. மதகுக்குக் கீழே ஓடும் தண்ணீரில் நீளமான வில்லோ இலை வடிவம் நல்லது. அது கம்பியை ஒட்டியே சுற்றுவதால் ஓட்டத்தில் மேலெழும்பாது. கடையில் வரும் பாந்தர் மார்ட்டின் ஸ்பின்னரில் கிளெவிஸே கிடையாது, கம்பி தகட்டையே துளைத்துப் போகும். வீட்டில் செய்ய அது தோதுப்படாது.

மூன்றாவது ஸ்பின்னர் நன்றாகத்தான் சுற்றுகிறது, கட்டியதுதான் தப்பு. பிரெய்டை, அதாவது பின்னிய நரம்பை, நேராக வளையத்தில் கட்டினால் நரம்பு முறுக்கேறி, ரீலிலிருந்து கொத்துக் கொத்தாக வரும். ஸ்பின்னருக்கு 40 சென்டிமீட்டர் மேலே பால் பேரிங் சுவிவல் (முறுக்கு ஏறாமல் தானே சுழலும் இணைப்பு) ஒன்று போடு. மூக்கிலேயே பெரிய சுவிவல் மாட்டினால் அந்தக் கனம் ஸ்பின்னரின் தலையைக் கவிழ்க்கும். சுவிவலிலிருந்து ஸ்பின்னர் வரை 0.40 மில்லிமீட்டர் ஃப்ளூரோகார்பன் நரம்பு, விராலின் பல்லுக்கு அதற்குக் குறைந்தால் தாங்காது.

முடிச்சும் இரண்டு வகை. பிரெய்டைச் சுவிவலில் பாலோமர்: நூலை இரட்டையாக்கித் துளையில் விட்டு, ஒரு சாதா முடிச்சு, அந்தக் கண்ணிக்குள் சுவிவலை நுழைத்து இழு. ஃப்ளூரோகார்பனுக்கு கிளிஞ்ச், 5 சுற்று. எதுவானாலும் எச்சில் தொட்டு இறுக்கு. காய்ந்தபடி இழுத்தால் சூட்டில் நரம்பு பலம் இழக்கும். பிரெய்டில் கிளிஞ்ச் போடாதே, வழுக்கி அவிழும்.

மூமுள் (மூன்று கொக்கி சேர்ந்த முள்) திறந்த தண்ணீருக்குத்தான். நீர்ப்பாசி, கொடி உள்ள இடத்தில் ஒற்றை முள். ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தால் ஸ்பின்னரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஃபிராக்கை, அந்தத் தவளை வடிவ இரையை, எடு. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அந்தப் பக்கம் வீசாதே. அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும், அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை.

வீசி விழுந்ததும் ராடை ஒரு சுண்டு சுண்டு, தகடு எழும்பிக்கொள்ளும். பிறகு ராடு நுனி படபடவென்று அதிரும் அளவுக்கு மட்டும் சுற்று. அதிர்வு நின்றால் நீர்ப்பாசி சிக்கியிருக்கும், இல்லையென்றால் மீன் கவ்வியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்