பீங்கானில் மலை வரையப்போகிற தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. மறுபடி பிரஷ் எடுக்கப்போகிறாய் என்பது அதைவிட நல்ல செய்தி. இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு வேலை மாறியதிலிருந்து வீட்டில் தங்குவதே குறைவு. சாப்பாட்டு மேசை முழுக்க இப்போது என் தட்டுகள்தான்.

நீர்வண்ணத்தில் மலையும் மூடுபனியுமாக வரைந்து பழகிய கை பீங்கானிலும் ஓடுமா என்று கேட்டிருந்தாய். ஓடும். ஆனால் காகிதம் வண்ணத்தைக் குடிக்கும். மெருகு என்கிற கண்ணாடிப் பூச்சு ஏற்றிய பீங்கான் ஒரு சொட்டும் குடிக்காது. பூசியது மேலேயே நிற்கும், விரல் பட்டால் வந்துவிடும். நம் வண்ணம் என்பது உலோக ஆக்சைடும் உருகும் கண்ணாடித் தூளும் சேர்த்து அரைத்த பொடி. அதை எண்ணெய் விட்டுக் குழைத்துப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சுட்ட பிறகுதான் மெருகோடு ஒட்டும். கிராம்பு எண்ணெய் சேர்த்தால் சீக்கிரம் காயாது, ஆற அமர வேலை பார்க்கலாம். ஆனால் எண்ணெய் அதிகமானால் சூளையில் கொப்பளித்துவிடும். அதில் கஞ்சத்தனம் நல்லது.

இந்த ஒட்டாத குணத்தைக் குறை என்று நினைக்காதே. இயற்கைக் காட்சி வரைகிறவர்களுக்கு இதுதான் வரம். இலை முழுக்கப் பச்சையைப் பூசு. அப்புறம் டர்பன்டைனில் நனைத்து ஒற்றியெடுத்த பிரஷால் வெயில் விழும் ஓரத்தை மட்டும் இழுத்து எடு. அடியில் இருக்கும் பீங்கான் வெள்ளையே வெயிலாகிவிடும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் டெர்பி தொழிற்சாலையில் வில்லியம் பில்லிங்ஸ்லி ரோஜாக்களை இப்படித்தான் வரைந்தார்: பூவை முதலில் நிறத்தால் நிரப்பிவிட்டு, இதழ்களின் வெளிச்சத்தைத் துடைத்து எடுப்பார். உன் மூடுபனிக்கும் இதே வழிதான். பஞ்சைப் பட்டுத்துணியில் முடிந்து, ஈர வண்ணத்தின் மேல் மெல்ல ஒற்றிக்கொண்டே போ. மலையடிவாரம் தானாகக் கரையும். வெள்ளை வண்ணத்தை நான் தொடுவதே இல்லை. பீங்கானின் வெள்ளைக்கு முன்னால் அது அழுக்காகத்தான் தெரிகிறது.

காகிதத்தில் கனவிலும் கிடைக்காத வசதி ஒன்றும் உண்டு. வானத்தையும் தூரத்து மலையையும் முதலில் வரைந்து சுட்டுவிடு. பிறகு முன்னால் நிற்கும் மரத்தை வரைந்து, பிடிக்கவில்லை என்றால் மரத்தை மட்டும் துடைத்துவிடலாம். மலைக்கு ஒன்றும் ஆகாது.

அந்தி வானம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். நல்ல ரோஜா நிறங்கள் தங்கத்திலிருந்து வருபவை. சூடு குறைந்தால் பழுப்படிக்கும், கூடினால் ஊதா ஏறும். இரும்புச் சிவப்போ சூடு மிஞ்சினால் வெளுத்தே போகும். கோபால்ட் நீலம் இவ்வளவு படுத்தாது, அதில் தொடங்கு.

டென்மார்க்கின் புளோரா டானிகா தட்டுகள் பற்றி நீ உருகி எழுதியிருந்தாய். 1790இல் தொடங்கி 1802 வரை, பெரும்பாலும் யோஹான் கிறிஸ்டோப் பாயர் என்ற ஒரே ஓவியர் செடிகளை வேர்வரை வரைந்த வேலை அது, மலைப்புதான். ஆனாலும் என் மனம் ஜப்பானின் ககியெமோன் பாணிப் பீங்கான் பக்கமே சாய்கிறது. ஒரு கிளை, அதன் கீழே இரண்டு காடைகள், மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை. இதற்காக நீ சண்டைக்கு வருவாய், தெரியும்.

பொடியை அரைக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள். பல வண்ணங்களில் ஈயம் இருக்கும், அதனால் வரைந்த தட்டில் சாப்பிடவும் வேண்டாம், சுவரில் மாட்டு.

உன் மழைமலைப் படத்தின் நகல் ஒன்று அனுப்பு. எதை முதல் சூட்டில் முடிப்பது, எதை அடுத்ததற்கு வைப்பது என்று அதன் மேலேயே குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தோழி