உன் வில்லாளியிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் நீ ஆடும் நைட் எல்ஃப் இன வில்லாளியைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். ஆட்டக்காரர்களின் குழுவான உன் கில்டில் இப்போது எதிர்த் தரப்பான ஹோர்ட் ஆட்களையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள், அடுத்த வாரம் அவள் அந்தத் தரப்பின் ஆர்க் இனத்து ஆள் ஒருவரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும், "அக்கா, அவ மன்னிச்சுட்டான்னு வச்சுக்கவா, இல்ல கில்டை விட்டே போயிடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வார்கிராஃப்டில் ரோல்பிளே செய்கிற, அதாவது கேரக்டராகவே பேசிக் கதை நடத்துகிற, வேறு சிலரும் இதே இடத்தில் திணறுவதைப் பார்க்கிறேன், அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் நமக்கு நடந்ததையும் அவளுக்கு நடந்ததையும் பிரித்துக்கொள். 2004-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தபோது அவள் தரப்பான அலையன்ஸ் ஆளும் ஹோர்ட் ஆளும் ஒருவரோடு ஒருவர் பேசவே முடியாது. நீ என்ன தட்டினாலும் எதிராளிக்குப் புரியாத மொழியாக மாறித்தான் போகும். ஹோர்ட் பக்கம் ஒருவன் சிரித்தால் இந்தப் பக்கம் "கெக்" என்று வந்து நிற்கும். சரி, சைகையாவது காட்டலாம் என்று நாமே சொந்தமாக ஒரு எமோட் எழுதினால், அவன் ஏதோ விநோதமாகக் கையசைக்கிறான் என்று மட்டும் எதிராளிக்குத் தெரியும். வணங்குவது, கையாட்டுவது, சல்யூட் அடிப்பது என்று ஆட்டத்திலேயே இருக்கும் எமோட்டுகள்தான் எல்லை தாண்டிப் போகும். அந்தக் காலத்தில் காட்டுக்குள் எதிரி ஒருவனைப் பார்த்து, அவன் வாளை எடுக்காமல் தலை வணங்கிவிட்டுப் போனால், அதை வைத்து ஒரு மாதம் கதை எழுதுவோம்.

அப்புறம் 2022-ல் இரு தரப்பும் ஒரே பார்ட்டியில் டன்ஜன், ரெய்டு என்ற கூட்டுச் சண்டைகளுக்குப் போகலாம் என்றார்கள். 2023-ல் ஒரே கில்டில் இருக்கலாம் என்றும் ஆனது. எனக்கு அது பெரிய சந்தோஷம். எதிர்த் தரப்பில் மாட்டிக்கொண்ட நண்பர்களோடு சேர்ந்து ஆட முடிந்தது. ஆனால் அந்த வசதி விளையாடுகிற நமக்கு வந்தது. அவளுக்கு வரவில்லை. இன்றைக்கும் அவள் ஹோர்டின் தலைநகரான ஓர்க்ரிமார் வாசலுக்குப் போய் நின்றால் காவலாளிகள் வெட்ட வருவார்கள். ஆட்டத்துக்கு ஒரு புதுப் பேட்ச் வந்ததற்காக அவள் மனம் மாறினாள் என்று நீ எழுதினால், படிக்கிற எவனுக்கும் அவள் பொம்மையாகத்தான் தெரிவாள்.

அவள் உலகத்தில் சமாதானம் எப்படி வந்தது என்று பார். 2018-ல் ஹோர்டின் தலைவி சில்வானாஸ், நைட் எல்ஃப்களின் டெல்ட்ராசில் மரத்தைக் கொளுத்தினாள். மரத்தின் மேலே டார்னாசஸ் என்ற அவர்கள் தலைநகரமே இருந்தது. நைட் எல்ஃபாகத் தொடங்கிய ஒவ்வொருவரும் முதல் அடி எடுத்து வைத்த மண் அது. எரியும் டார்னாசஸுக்குள் போய் ஆட்களைக் காப்பாற்றச் சொல்லி ஆட்டத்தில் ஒரு குவெஸ்ட், ஒரு பணி, கொடுத்தார்கள், உனக்கு நினைவிருக்கும். எவ்வளவு ஓடினாலும் கொஞ்சம் பேரைத்தான் வெளியே கொண்டுவர முடியும், அதற்குள் புகை நம்மை மடக்கிவிடும். எல்லோரையும் காப்பாற்ற முடியாதபடியேதான் அதைச் செய்திருந்தார்கள். அந்தப் போரின் முடிவில் கிழட்டு ஆர்க் சார்ஃபாங், 2019-ல், ஓர்க்ரிமார் வாசலில் சில்வானாஸைத் தனிச்சண்டைக்கு அழைத்துச் செத்தான். அவள் ஹோர்டையே உதறிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தலைவர்கள் போர்நிறுத்தம் செய்துகொண்டார்கள்.

அந்தப் போர்நிறுத்த மேசையில் உன் வில்லாளிக்கு இடம் இல்லை. அவளுடைய அரசி டைராண்டேயே அப்போது பழி தீர்க்கும் வெறியில்தான் இருந்தாள். இது உனக்குப் பெரிய உதவி. போர்நிறுத்தத்தை ஒருத்தி கடைப்பிடிக்கலாம், எல்லைக் காவலில் வில்லைத் தாழ்த்திக்கொள்ளலாம், கட்டளைக்குக் கீழ்ப்படியலாம், ஆனால் உள்ளுக்குள் எதையும் விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம். சண்டை போடாமல் இருப்பதற்கு மன்னிப்பு தேவையில்லை. நம் கில்டுகளில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அதனால்தான் நேற்றுவரை வெட்டிக்கொண்டவர்கள் இன்று கட்டிப்பிடித்து அழுகிறார்கள், இல்லையென்றால் ஒருவன் ஐந்து வருடமாக ஒரே வசவைத் திருப்பித் திருப்பி வைதுகொண்டிருக்கிறான்.

அடுத்து வயது. சமாதானத்தைப் பற்றி ஒரு கேரக்டர் என்ன நினைப்பாள் என்பதை அவளுடைய இனத்தைவிட அவளுடைய வயது அதிகமாகத் தீர்மானிக்கும் என்பது என் எண்ணம். முதல் 'வார்கிராஃப்ட்' 1994-ல் வந்தது. நமக்கே இது முப்பது வருடச் சண்டை. கதைக்குள் டார்க் போர்ட்டல் என்ற மாய வாசல் திறந்து ஆர்க்குகள் வேறு உலகத்திலிருந்து வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் நாற்பது வருடம். மனிதர்களின் நகரமான ஸ்டார்ம்விண்டில் இருக்கும் இருபது வயதுச் சிப்பாய்க்கு ஆர்க் இல்லாத உலகமே தெரியாது. போர் அவனுக்கு வெயில் மழை மாதிரி, எப்போதும் இருக்கிற ஒன்று. அவனுக்குச் சமாதானம் என்றால் பயம். சம்பளம் நிற்குமா, வேறு என்ன வேலை தெரியும் எனக்கு என்று யோசிப்பான். உன் வில்லாளிக்கோ ஆயிரக்கணக்கான வயது. அவள் ஆர்க்கை முதன்முதலாகப் பார்த்தது மூன்றாம் போரில், அதாவது அவள் கணக்கில் முந்தாநாள். வந்தவுடன் மரம் வெட்டினார்கள், நைட் எல்ஃப்கள் தெய்வமாக வைத்திருந்த செனாரியஸைக் கொன்றார்கள். அதே ஆர்க்குகளோடு தோளோடு தோள் நின்றுதான் அவள் ஹையால் மலையில் ஆர்க்கிமோண்ட் என்ற அரக்கனைத் தடுத்தாள். அந்த வெற்றிக்கு அவள் இனம் கொடுத்த விலை சாகாவரம். யோசித்துப் பார், அவள் ஆர்க்கோடு ஏற்கெனவே ஒருமுறை சமாதானமாக இருந்திருக்கிறாள், அதற்காகச் சாவையே ஏற்றுக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு மரம் எரிந்தது. அவள் கோபம் வெறும் வெறுப்பு இல்லை. நம்பிக் கெட்டவளின் கோபம். இதை எழுது. வேறு எந்த இனத்துக்கும் இந்தக் கோபம் இதே மாதிரி கிடையாது.

இன்னொரு இனத்தையும் சொல்ல வேண்டும், ட்ரெனாய். இவர்களை ரோல்பிளே செய்கிறவர்கள் சமாதானம் என்று வந்ததும் "நாங்கள் ஒளியின் பிள்ளைகள், மன்னிக்கிறோம்" என்று சுலபமாகத் தாண்டிப்போவதைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். ஆர்க்குகளின் சொந்த உலகமான ட்ரெனோரில் அவர்களுக்குப் பக்கத்துவீட்டுக்காரர்களாகப் பல தலைமுறை வாழ்ந்தவர்கள் இவர்கள்தான். ஆர்க் மந்திரவாதி கூல்டானும் லீஜன் என்ற அரக்கப் படையும் ஆர்க்குகளின் மனதைக் கெடுத்த பிறகு, ஆர்க்குகள் இவர்களை ஊர் ஊராக வெட்டினார்கள். ஹெல்ஃபயர் தீபகற்பத்தில் டார்க் போர்ட்டலில் இருந்து கோட்டைக்குப் போகிற பாதையில் நீயும் குதிரையில் போயிருப்பாய், அந்தப் பாதை முழுக்க ட்ரெனாய் எலும்பு. ஆனால் போருக்கு முன்னால் ஆர்க்குகள் எப்படி இருந்தார்கள் என்று நேரில் பார்த்த சாட்சிகளும் இவர்கள்தான். மற்றவர்களுக்குச் சமாதானம் என்பது இதுவரை பார்த்திராத புதுப் பொருள். ஒரு வயதான ட்ரெனாய்க்கு அது இழந்த பொருள். பழைய பண்டமாற்று, பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு ஆர்க் சிறுவன், பிறகு அதே முகம் கோடரியோடு வாசலில் நின்றது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் ஒரு ஆர்க் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதற்கும் நடுங்குவதற்கும் ஒரே நினைவு காரணமாக இருக்கலாம். இப்படி ஒரு கேரக்டரை யாராவது எழுதினால் நான் அந்த நிகழ்வுக்கு இரவு எத்தனை மணியானாலும் வந்துவிடுவேன்.

என் பக்கத்துக்கு வருகிறேன். நான் ஆடும் ஆர்க் கிழவியை உனக்குத் தெரியும். ட்ரெனோரில் பிறந்தவள், இரண்டாம் போரில் தோற்று மனிதர்களின் முகாமில் அடைபட்டுக் கிடந்தவள். அவள் சமாதானத்துக்கு எதிரி இல்லை, அதை நம்புகிறவளும் இல்லை. அவள் எத்தனை சமாதானம் பார்த்திருக்கிறாள்! ஹோர்டின் தலைவன் த்ராலும் மனிதர்கள் பக்கத்து ஜெய்னாவும் ஏற்படுத்திய அமைதியைப் பார்த்தாள், 2012-ல் த்ராலுக்குப் பின் வந்த தலைவன் காரோஷ் ஜெய்னாவின் தெரமோர் நகரத்தின் மேல் மானா குண்டு போட்டதையும் பார்த்தாள். அதனால் அமைதி அறிவிக்கப்பட்டதும் அவள் செய்கிற முதல் வேலை தானியம் சேர்ப்பது. இரண்டாவது வேலை பேரனுக்குப் பொது மொழி கற்றுக்கொடுப்பது, மனிதர்கள் அவனைப் பிடித்தால் "சரணடைகிறேன்" என்றாவது சொல்லத் தெரியட்டும் என்று.

இவளை எழுத எனக்கு வழிகாட்டியவர் சார்ஃபாங்தான். 2008-ல் வந்த விரிவாக்கத்தில், வார்சாங் கோட்டையில் நின்று இளைஞன் காரோஷிடம் அவர் பேசுகிற இடம் ஒன்று உண்டு. நான் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை என்று ஆரம்பிப்பார். பன்றியை வெட்டும்போது அது போடுகிற சத்தம் பழைய கொலைகளுக்குத் தன்னை இழுத்துக்கொண்டு போகிறது, எங்களைப் போன்ற கிழட்டுச் சிப்பாய்களுக்கு அது கஷ்டமான நேரம் என்று சொல்வார். போர் வேண்டாம் என்பதற்கு ஒரு தத்துவமும் பேசவில்லை. ஒரு கறியை ஒதுக்கினார், அவ்வளவுதான். உன் வில்லாளிக்கும் இப்படி ஒன்றைத் தேடு. விறகு அடுப்புப் பக்கம் உட்கார மாட்டாள் என்று வைத்துக்கொள். விடுதியில் எல்லோரும் குளிருக்கு நெருப்பைச் சுற்றி உட்கார, அவள் மட்டும் கதவோரம் நிற்பாள். ஏன் என்று யாராவது கேட்கும்வரை சொல்லாதே.

கில்னியாஸ் என்ற மனித நாட்டைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. தன் மகன் லியாம், தனக்குக் குறிவைத்த சில்வானாஸின் அம்பைத் தாங்கிச் செத்ததைப் பார்த்த அதன் அரசன் கென் க்ரேமேன், 2024-ல், ஒருகாலத்தில் அதே சில்வானாஸின் ஆட்களாக இருந்த, செத்து எழுந்த ஃபோர்சேகன் இனத்தின் உதவியோடு ஊரைத் திரும்பப் பெற்றான். அது ஒரே மாலையில் முடிந்துவிடுகிற குவெஸ்ட் வரிசை. இத்தனை வருடக் காயத்துக்கு அது போதாது. அந்தக் குறையை ரோல்பிளேயர்கள்தான் நிரப்ப வேண்டும், சிலர் நன்றாகவே நிரப்புகிறார்கள்.

ஆட்டத்தின் வால்ட்ராக்கன் நகர விடுதியில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு ஃபோர்சேகன் மருந்துக்காரன், எதிரே ஒரு கில்னியாஸ் பெண். வியாபாரப் பேச்சு, மூலிகை விலை. அவன் கோப்பையை அவள் பக்கம் நகர்த்துவதற்கு முன் கையுறையை மாட்டிக்கொண்டதாக எழுதினான். எலும்பு தெரிகிற விரலை அவள் பார்க்க வேண்டாம் என்று. அவள் கோப்பையைத் தொடவில்லை. நாற்காலியையும் பின்னால் தள்ளவில்லை. விலையில் மட்டும் இரண்டு வெள்ளி குறைக்கச் சொன்னாள். அவன் ஒரு வெள்ளி குறைத்தான். அங்கே இருந்த ஒருவரும் அதற்கு நடுவில் எதையும் தட்டவில்லை. இறந்தவர்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை, இருந்தாலும் எல்லாம் அந்த மேசையில்தான் இருந்தது. உனக்கு வேண்டியது இந்த அளவுதான். அடுத்த தடவை அவள் அந்தக் கோப்பையைத் தொடலாம், தொடாமலும் போகலாம். கதைக்குப் போக இடம் இருக்கிறது.

ஜெய்னாவை மறந்துவிடாதே. ஹோர்டோடு செய்த உடன்பாட்டைக் காப்பாற்ற, சொந்த அப்பா டேலினை அவர்கள் கொல்லும்போது குறுக்கே வராமல் நின்றவள் அவள். பிறகு அவர்களே அவள் நகரத்தை அழித்தார்கள். சொந்த ஊரான குல் டிராஸுக்கு 2018-ல் திரும்பினால் அங்கே துரோகி என்று பிடித்துக் கொடுத்தார்கள். சமாதானம் பேசுகிறவள் ஏமாளி என்று உன் வில்லாளி நினைத்தால் அவள் கையில் இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அவள் மேசையில் அதைச் சொல்லட்டும். ஆனால் டைராண்டே கடைசியில் சில்வானாஸுக்குக் கொடுத்த தண்டனையையும் யாராவது அவளுக்கு ஞாபகப்படுத்தட்டும். தலையை வெட்டச் சொல்லவில்லை. மாவ் என்ற நரகத்துக்குள் போய், அங்கே சிக்கியிருக்கும் உயிர்களை ஒவ்வொன்றாகத் தேடி வெளியே அனுப்பு, கடைசி உயிர் வரைக்கும் என்றாள். மரம் எரிந்தபோது செத்தவர்களும் அங்கேதானே போனார்கள். உன் வில்லாளி அந்தத் தீர்ப்பை ஏற்கிறாளா? இந்தக் கேள்விக்கு நீ பதில் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. எதிரே உட்காரப்போகிற ஆர்க்கை ஆடுகிற ஆளிடம் முதலில் கேரக்டருக்கு வெளியே பேசு. அவள் கடுமையாகப் பேசுவாள், உங்களுக்கு அது சரியா, எதுவரை போகலாம் என்று கேட்டுவிடு. 2018-ல் ஹோர்ட் பக்கம் ஆடியவர்களில் எத்தனையோ பேர் மரத்தைக் கொளுத்தும் பக்கத்தில் தங்களை நிறுத்திவிட்டார்களே என்று நொந்துபோனார்கள். நானும் நொந்தேன். கேரக்டரின் கோபம் ஆடுகிறவர் மேல் போய் விழக் கூடாது.

நிகழ்வுக்கு முன்னால் உன் கேரக்டரைப் பற்றி மற்றவர்களுக்குக் காட்டும் டோட்டல் ஆர்பி குறிப்பைத் திருத்திவிடு. "ஆர்க்குகளை வெறுப்பவள்" என்ற வரியை எடு, அதைப் பார்த்தால் எதிராளிக்குக் கேட்க ஒன்றுமே இருக்காது. மரம் எரிந்த இரவில் அவள் எங்கே இருந்தாள், யாரைத் தேடினாள் என்று இரண்டு வரி மட்டும் எழுதி எனக்கு அனுப்பு. கிழவியை அழைத்துக்கொண்டு நானும் அந்த மேசைக்கு வருகிறேன். அவளாக முதலில் பேச மாட்டாள், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அக்கா